ஜரீனா கணக்கில் வந்த ஞாயிற்றுக்கிழமை

ஜரீனா பேகம் சென்னையில் காலமானதாக அவர் தம்பி வார்டுக்கு போன் செய்து சொன்னார். புற்றுநோய். நான் ரவுண்ட்ஸில் இருந்தேன்; மீதிப் படுக்கைகளையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தீவிலேயே, புரோத்ராபூரில் பிறந்து வளர்ந்த எங்கள் மருத்துவமனைப் புள்ளியியல் அலுவலரான அவரை உங்களில் பலருக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தீவுகளின் அரசு மருத்துவமனைகளை ஒப்பிட்டபோது, நான் தலைமை வகிக்கும் வார்டில்தான் இறப்பு அதிகம் என்று வந்தது. என்னை மாற்றப்போவதாகப் பேச்சு. ஜரீனா அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. சின்னத் தீவு ஒன்றுக்குப் போய் அங்கிருந்த நர்சிடம் விசாரித்தார்.

“இங்க யாரும் சாகறதில்ல மேடம். சீரியஸ்னா ஜஹாஸ்ல ஏத்தி அங்க அனுப்பிடுவோம்” என்றாராம் நர்ஸ்.

கப்பலில் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போனவர்கள் எங்கள் கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். நோயாளியின் வயது, வந்தபோது இருந்த நிலை, வழியில் கழிந்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்து, இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று மதிப்பிடும் ஒரு மாடலை ஜரீனா உருவாக்கினார். அதோடு ஒப்பிட்டால் எங்கள் வார்டு மோசமில்லை.

நன்றி சொல்லப் போனேன். மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் உடன் வந்தார்.

“உட்காருங்க சார், இன்னும் முடியல” என்றார் ஜரீனா. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மட்டும், அதே அளவு நோயோடு வந்தும், எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். அன்று மூத்த மருத்துவர் யாரும் வார்டில் இருப்பதில்லை.

“முதல் பகுதியோட நிறுத்திக்கலாமே” என்றார் கண்காணிப்பாளர்.

“பிடிச்ச பாதிய மட்டும் சொன்னா, அந்தப் பாதியையும் யாரும் நம்ப மாட்டாங்க சார்.”

ஒப்பீட்டைப் பற்றி நடந்த கூட்டத்தில் இரண்டையும் சொன்னார். என் மாற்றல் நின்றது. மூத்தவர்களுக்கு ஞாயிறு டியூட்டி வந்தது. சில மாதங்கள் டாக்டர்கள் யாரும் அவரோடு டீ குடிக்கவில்லை. அவர் தனியாகக் குடித்தார். அடுத்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை இறப்புகள் குறைந்தன. எல்லோரும் பாராட்டியபோது, “டியூட்டிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் பாக்கணும்” என்றார்.

பிறகு வேறொன்று கேட்டார்: “உயிரோட அனுப்பிட்டோம். அப்புறம் எப்படி இருக்காங்க?” வீடு திரும்பியவர்களை ஒரு மாதம் கழித்து போனில் விசாரிக்கத் தொடங்கினார், தீவு ஹிந்தியிலும் அரைகுறை வங்காளத்திலும். அவர் சிகிச்சைக்காக மெயின்லேண்ட் போனதிலிருந்து நான் கூப்பிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விசாரிப்புதான்.

செய்தி வந்த மறுநாள், மூச்சுத்திணறலோடு வந்து பிழைத்துப்போன ஒரு மீனவரின் வீட்டுக்கு போன் செய்தேன். மனைவி எடுத்தார்.

“அவரா? கடலுக்குப் போயிருக்காரு டாக்டர் சாப். சாயந்திரம் கூப்பிடுங்க.”