சுரங்கம் பார்க்க வந்த பேராசிரியர்

பழுப்பு நிலக்கரியிலிருந்து தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று கற்றுக்கொள்ள நான் ஜப்பானுக்குப் போனேன். நெய்வேலியில் பிறந்தவள் இதற்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று டவுன்ஷிப்பில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் மண்ணுக்கடியில் இருப்பதும் அதே கரிதான். வெட்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். கொதிகலனில் போட்டால், வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். சரி, காயவைத்துப் போடலாமே என்றால், நன்றாகக் காய்ந்த கரி காற்றுப் பட்டுத் தானாகவே பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடுவதில் என் முப்பதுகள் போயின.

ஜப்பானின் வடக்கே, பனி அதிகம் பெய்யும் ஒரு நகரத்துப் பல்கலைக்கழகம் அது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு காந்த வில்லை. அறையில் இருக்கிறேன், சோதனைக்கூடத்தில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய்விட்டேன் என்று மூன்று கட்டங்கள். உள்ளே வந்ததும் செருப்பு மாற்றி, வில்லையை நகர்த்திவிட்டு உட்கார வேண்டியதுதான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனாலும் மற்றவர்களோடுதான் இருந்தேன் என்று அந்தப் பலகை சொல்லும்.

என் பேராசிரியரைச் சென்ஸே என்று கூப்பிடுவோம். அங்கே ஆசிரியரை அழைக்கும் சொல் அதுதான். அவரும் அதிகம் பேச மாட்டார். என் அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பிப் போன அன்று, அங்கே மெஷினில் விற்கும் சூடான காபி டப்பா ஒன்றை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "வெளியில் குளிர்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அவர் ஓய்வு பெற்றதும் எல்லாம் மாறியது. புதிதாக வந்தவருக்கு பேட்டரியில் ஆர்வம். நிலக்கரி யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது. என் ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பா அப்போது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய வீட்டில் இருந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து, காண்ட்ராக்டில் சேர்ந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவர். வேலைக்காலம் முழுக்க மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டோடு. அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார். நான் மாடியறையை எடுத்துக்கொண்டேன். சாப்பாடு தயாரானால் கீழேயிருந்து என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் இறங்கிப் போவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். ஷிப்டுக்கு ஓடிய கால்கள் அவருடையவை, காத்திருக்கத் தெரியாது.

முதலில் சில மாதங்கள், வாரந்தோறும் நடக்கும் ஆய்வுக்கூடக் கூட்டத்துக்கு அங்கிருந்து இணைப்பு அனுப்பினார்கள். மாடியில் உட்கார்ந்து கேட்பேன். திரையில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. பழைய மாணவர்கள் படித்து முடித்துப் போனார்கள். என்னைப் பார்த்திராதவர்கள் வந்தார்கள். ஒரு வாரம் இணைப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரோ முகவரிகளைப் புதுப்பித்தபோது விட்டுப்போயிருக்கும். கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை.

தெருவில் போனால், "ஜப்பான்ல இருந்து வந்த பொண்ணு தான நீ? இன்னும் வேலைக்குப் போவலியாம்மா?" என்பார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்பேன். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது விண்ணப்பங்கள் எழுதும் வேலை. ஜெர்மனியின் கிழக்கு எல்லையில், எங்களைப் போலவே பழுப்பு நிலக்கரி தோண்டும் ஓர் ஊரில் ஆய்வாளர் இடம் ஒன்று இருந்தது. அதற்கு எழுதிப் போட்டேன். சென்ஸேதான் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. உறுதியானால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்ஸேயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "வாழ்நாள் முழுவதும் இந்தக் கரியோடு இருந்தேன். எனக்கு அது எப்போதும் பீப்பாயில் அடைத்துத்தான் வந்தது. பூமியில் கிடப்பதைப் பார்த்ததே இல்லை. உன் ஊருக்கு வரலாமா?"

அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம வூட்டுலயே தங்கட்டும். லாட்ஜெல்லாம் எதுக்கு?" என்றார். முன்னறைக்குப் புது விளக்கு வாங்கிப் போட்டார். மெத்தையை வெயிலில் காயவைத்தார். காரம் ஆகுமா, மீன் ஆகுமா என்று என்னிடம் கேட்டார். நான் வந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே அதிகம் அந்த வாரம் கேட்டவைதான்.

சென்ஸே ஒரு சின்னத் தோள்பையோடு வந்து இறங்கினார். இளைத்திருந்தார். வாசலில் குனிந்து வணங்கியவரை அப்பா கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். "வாங்க சார், வாங்க" என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் சுரங்கம் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். பார்வையாளர்களுக்கான மேட்டில் நின்றோம். கீழே படிப்படியாக மண் இறங்கிப் போய், அடியில் கரி கறுப்பாகத் தெரிந்தது. ராட்சதச் சக்கரம் மண்ணை அள்ளி பெல்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "மேல இருக்கறதெல்லாம் வெறும் மண்ணு சார். அத்த எடுத்து அந்தாண்ட போட்டுட்டுத்தான் கரிய தொடணும். அடியில தண்ணி அழுத்திக்கினே இருக்கும். ராவும் பகலும் பம்பு ஓடிக்கினே இருக்கணும். நிறுத்தினா அவ்ளோதான்."

நான் ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல சென்ஸே தலையாட்டினார். பிறகு நெடுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்கேயும் தண்ணீர்தான் பிரச்சினையா?" என்று கேட்டார். பிறகு, "நான் கையளவு கரியை வைத்துக்கொண்டு எவ்வளவு எழுதிவிட்டேன்" என்றார். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய முகத்தில் அது எப்போதுமே தெரிந்ததில்லை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்தோம். அப்பா பலாச்சுளையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல, "சென்ஸே இப்படிச் சொல்றாரு", "அப்பா இப்படிச் சொல்கிறார்" என்று இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். சென்ஸே என்னை நிறுத்தினார்.

"ஒவ்வொரு தடவையும் 'சொல்கிறார்' வேண்டாம். அவர் பேசுவதை அப்படியே பேசு. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். அப்போதுதான் எனக்கு அவரோடு பேசுவது போல இருக்கும்."

அப்பாவிடம் இதை விளக்கினேன். "அதும் நல்லதுதான்" என்றார்.

அப்பா அவருடைய வீட்டைப் பற்றி விசாரித்தார். சென்ஸேயின் மனைவி இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மகன் வேறு நகரத்தில். சென்ஸே சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன்: "எங்க வீட்ல சாயங்காலம் ஆனா ஒரே ஒரு குரல்தான் கேட்கும். குளியல் தொட்டியில தண்ணி சூடானதும், மெஷின் ஒரு பொம்பளக் குரல்ல 'குளிக்கத் தண்ணி ரெடி'ன்னு சொல்லும். நான் 'நன்றி'ன்னு பதில் சொல்வேன்."

அப்பா சிரிக்கவில்லை. "நமக்கு டி.வி. சார். நான் பாக்கறதில்ல. சும்மா பேசிக்கினு இருக்கட்டும்னு போட்டு வெச்சிருப்பேன்."

அதையும் சொன்னேன். சென்ஸே சாதாரணமாக அடுத்ததைக் கேட்டார். "மகள் ஜெர்மனிக்குப் போய்விட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா?"

அப்பாவுக்கு அது தெரியாது என்று சென்ஸேக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் முடியாது. வேறு எதையாவது கேட்டதாகச் சொல்லிவிடலாம்தான். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு ஜெர்மனிக்குப் போயிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சென்ஸேயைப் பார்த்தே பேசினார். ஜெர்மனியா, எப்போது, ஏன் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை.

"போவட்டும் சார். அவ இங்க இருந்தாலும் நான் தனியாத்தான் இருக்கேன். அவளும் தனியாத்தான் இருக்கா. மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. அவ படிச்சது எனக்குப் புரியாது. அவுங்க அம்மா இருந்தா பேசியிருப்பா. நடுவுல அவ இருந்து இருந்து, எனக்குப் பழக்கமே இல்லாமப் போயிடிச்சு."

பேசி முடித்துவிட்டு, சொல்லு என்பது போல என் பக்கம் கையைக் காட்டினார்.

சொன்னேன். நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். என் மகளும் தனியாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இலக்கணம் தவறாமல், வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். ஆய்வுக் கருத்தரங்குகளில்கூட நான் அவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை. 'மகளின் அம்மா இருந்திருந்தால்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சென்ஸே தட்டிலிருந்த பலாச்சுளையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவும் காத்திருந்தார். கீழே தெருவில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் பைக்குகள் போயின. பிறகு மீதியையும் சொல்லி முடித்தேன்.

"எனக்கும் என் மகனோடு அப்படித்தான்" என்றார் சென்ஸே. அதைத் தமிழில் சொன்னபோது அப்பா எழுந்து, "காபி போட்டு எடுத்தாரேன்" என்று இறங்கிப் போனார்.

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் அப்பா அவரை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார், டவுன்ஷிப்பில் நாங்கள் குடியிருந்த பழைய பிளாக்கைக் காட்டினார். என்னையும் கூப்பிட்டார்கள், ஆனால் பாதி நேரம் நான் தேவைப்படவில்லை. சென்ஸே கிளம்பும்போது அப்பா அவருக்கு ஒரு வேட்டி கொடுத்தார்.

கார் போன பிறகு வாசலில் நானும் அப்பாவும் நின்றோம். "ஜெர்மனி..." என்று ஆரம்பித்தேன்.

"வந்தா சொல்லு" என்றார் அப்பா. "மொதல்ல வரட்டும்."

வரவில்லை. தகுதியுள்ள பலர் விண்ணப்பித்திருந்தார்கள், எங்கள் நல்வாழ்த்துகள் என்று சில வரிகள் வந்தன. மத்தியானம் கீழே இறங்கிப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஊருல கரி தோண்டறதயே நிறுத்தப் போறாங்கன்னு சொன்னாங்களே டி.வி.ல. அப்பறம் எதுக்கு ஆளு எடுக்கறாங்க?"

"நிறுத்தினப்புறம் அந்தப் பள்ளத்த என்ன பண்றதுன்னு ஆராய்ச்சி பண்ணப்பா."

"என்ன பண்ணுவாங்க?"

"தண்ணி ரொப்பி ஏரியாக்குவாங்க."

கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "கரை நிக்காதே. மண்ணு சரியுமே."

"அதத்தான் பாக்கணும்."

"ம்" என்றார். "உக்காரு. இப்ப ஆயிடும்."

இப்போது கடலூர் போகிற சாலையில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். குள்ளஞ்சாவடி தாண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். என் துறையைப் பற்றிப் பேச அங்கே யாரும் இல்லை. மாணவர்கள் மென்பொருள் வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று பாதியில் நிற்கிறது. சோதனைக்கூடம் இல்லாமல் அதை முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, "சாருக்கு ஒரு போன் போடு" என்பார். வீடியோவில் கூப்பிடுவேன். போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அங்கே பனி பெய்கிறதா, இங்கே மழை உண்டா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் பேசுவார்கள். பேச ஒன்றுமில்லாவிட்டால் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையைக் காட்டுவார். சென்ஸே ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுவார். நான் ஜப்பானிய மொழி பேசுவது வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஜப்பானிய மொழியில் 'நீ', 'நீங்கள்' என்றெல்லாம் சொல்லாமலே ஒருவரை நலம் விசாரிக்க முடியும். யாரைக் கேட்கிறார்கள் என்பது பார்வையில்தான் தெரியும். போன் திரையில் அதுவும் சரியாகத் தெரியாது. போன ஞாயிறு, பேச்சின் நடுவில் சென்ஸே, "சமீபத்தில் எப்படி?" என்று கேட்டார்.

அப்பாவைப் பார்த்து, "எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாருப்பா" என்றேன்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். சென்ஸே ஒரு கணம் தயங்கியது போல இருந்தது. "அப்படியா, நல்லது" என்றார். போனை வைத்த பிறகுதான், அவர் கேட்டது என்னை என்று எனக்கு உறைத்தது.