சூசை அண்ணன் திருப்பிய ஏரியல்

சூசை அண்ணன் லூனாஸில் காலமாகிவிட்டதாக அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, அடக்கம் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்டேன். துக்கம் விசாரிக்க எனக்கு இந்த வயதிலும் சரியாக வரவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதையாவது ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் பட்டறை பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பிறர் கழற்றிப்போட்ட டிவி ஏரியல்களைச் சேர்த்து, துருப்பிடித்த திருகாணிகளை மாற்றி, வேறு வீடுகளுக்கு மாட்டித் தருவார். கம்பியைச் சாண் போட்டு அளந்தே எந்தச் சேனலுக்கானது என்று சொல்லிவிடுவார். "பெருசா இருந்தா எல்லாத்தையும் இழுக்கும்னு நினைக்காதீங்க கிராணி. நீட்டுக் கம்பிக்கு ஒரு சேனல், குட்டைக்கு ஒரு சேனல்" என்பார். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு தீபாவளிக்கு முன், தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் கழற்றிய ஏரியலை, தொழிலாளர்கள் கூடி டிவி பார்க்கும் மண்டபத்துக்குக் கேட்டு வாங்கினேன். சூசை அண்ணன் பண்டார் பாரு டவுனுக்குப் போயிருந்தார். டிவி ஒளிபரப்புக் கோபுரம் ஜெராய் மலையில் இருந்தது. காம்பஸ் வைத்து அதன் திசையைக் குறித்து, ஆளை ஏற்றி நானே மாட்டவைத்தேன். நீளமான கம்பிதான் அலையை வாங்கும் என்று எண்ணி, அந்தப் பக்கத்தை மலைக்கு நேராக வைத்தேன்.

தீபாவளி மதியம் தமிழ்ப்படம். மண்டபம் நிறைந்திருந்தது. திரை முழுக்க, துருவிய ஐஸைக் கொட்டியதுபோல் வெள்ளைப் பொறி.

"கிராணியாரே, படம் காட்டச் சொன்னா ஐஸ் கச்சாங் காட்டுறீங்களே லா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். முனியம்மா அக்கா மட்டும், "இவருகிட்டதானே என் சிவப்பு ஐ.சி. பாரத்தைக் குடுத்திருக்கேன்" என்றார். சிரிப்பு நின்றது. சிவப்பு அடையாள அட்டை குடியுரிமை இல்லாதவர்களுக்கானது; குடியுரிமை கேட்டுத் தொழிலாளர் லயத்தில் பலர் என்னிடம்தான் விண்ணப்பப் பாரத்தை எழுதக் கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் வந்து சேர்ந்த சூசை அண்ணன் ஏணியில் ஏறினார். ஏரியலை முன்பின்னாகத் திருப்பினார். படம் தெளிந்தது.

"காத்து திருப்பி விட்டுடுச்சு லா. கிராணி சரியாத்தான் மாட்டியிருக்காரு."

அன்று இலைகூட அசையவில்லை.

மறுநாள் பட்டறையில் அவரைத் தனியாகக் கேட்டேன். "குட்டைப் பக்கம் மலையைப் பாக்கணும், அவ்வளவுதான். அதை மண்டபத்துல சொன்னா, அந்த அக்கா பாரத்தை வாங்கிட்டுப் போயிருவாங்க. வேற யாரு எழுதிக் குடுப்பா?" என்றார்.

சில வருடம் கழித்து முனியம்மா அக்காவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைத்தது. உண்மையை நான் அவரிடம் சொன்னதில்லை. அது சரிதானா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை.

சூசை அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இன்றும் யாராவது தாமே எழுதிக் கொண்டுவந்த பாரத்தில் பிழை கண்டால், கூட வந்தவர்கள் எழுந்து வெளியே போகும்வரை திருத்தப் பேனாவைத் திறக்கமாட்டேன்.