கன்னத்தில் ஒரு விரல்

பாரிஸில், கல்லில் படம் வரைந்து மை போட்டுத் தாளில் அச்செடுக்கும் எங்கள் கல்லச்சுக்கூடத்தில் படம் வரைந்தவள் ஸெலி கூர்த்தோ. சாக்லேட் டப்பாவுக்கும் தொப்பிக் கடைக்கும் பூ வரைந்தே அவள் இளமை போனது. பெரிய வீட்டுப் படம் ஒன்று அமைந்து, கீழே அவள் பெயர் அச்சாகிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வாள். மேட்டுக்குடிக்காரர்கள் அப்படித்தான். யார் படம் யார் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது என்பதை வைத்தே மனிதரை எடைபோடும் கூட்டம். நான் அச்சு இழுப்பவன். அந்த முகங்களுக்கு மை போட்டே சலித்தவன்.

கடைசியில் மொர்வோ சீமாட்டியின் படவேலை வந்தது. அல்ஜீரியாவில் போரில் செத்த மகன் ஒக்தாவின் படம், உறவுக் குடும்பங்களுக்கெல்லாம் கொடுக்க. பெற்ற பிள்ளையையே ‘நீங்கள்’ என்று அழைத்து, நாலு பேர் முன்னால் தொடவும் தொடாத வீடு அது.

ஸெலி கொழுப்புக் குச்சியால் கல்லில் வரைந்து முடித்தாள். பார்க்க வந்த சீமாட்டி எங்களை வெளியே போகச் சொன்னாள். நாங்கள் திரும்பியபோது அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "மூக்கு சரியா இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

முதல் தாளை இழுத்தேன். கன்னத்தில் கறுப்பாக விரல் தடம்! கல்லில் விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலே மை பிடித்துக்கொள்ளும். மை போடும்வரை கண்ணுக்குத் தெரியாது.

"ஏம்மா, கைய வச்சுட்டியா?" என்று ஸெலியைப் பார்த்துக் கத்தினேன்.

"சத்தியமா இல்லண்ணே! கல்லுக்குக் குறுக்க பலகை போட்டு அதுமேல கை வச்சுத்தான் வரைஞ்சேன்."

"சுரண்டிடவா?"

"கன்னத்துல தழும்பு விழுந்துடும். கீழ என் பேரு இருக்கே, போச்சு!" அழுதேவிட்டாள்.

சீமாட்டியை வரவழைத்துத் தாளை நீட்டினோம். அவள் திட்டவில்லை. கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"இது எத்தன தாள்ல வரும்?"

"எல்லாத்துலயும் வரும், அம்மா," என்றாள் ஸெலி. "வேணாம்னா வேற கல்லுல புதுசா வரைஞ்சு தரேன்."

"எங்க ஜனங்க கையில போற எல்லாத்துலயுமா?"

"ஆமாம்மா."

சீமாட்டி அந்தத் தடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் தொப்பியைக் கழற்றியிருந்தேன், எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.

"அவன் இருந்தப்ப ஒருத்தர் முன்னாலயும் தொட்டதில்ல," என்றாள். "இப்படியே போடு. உன் பேரும் இருக்கட்டும்."

அன்று முழுக்க இழுத்தேன். ஒவ்வொரு தாளிலும் அந்தத் தாய் பிள்ளையைத் தொட்டாள், ஊரே பார்க்க.