எறக்குறதுக்கா ஏத்துனேன்?

செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து, மிஷினைப் போட்டுவிட்டு டீக்குச் சொல்லியிருந்தேன். வாட்ஸப்பில் ஒரு படம் வந்து கிடந்தது. அதன் கீழே, 'கண்ணீர் அஞ்சலி பேனர், மதியத்துக்குள் வேண்டும், அவசரம்' என்று ஒரு வரி. காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குச் சாவு புதிதல்ல. ஊரில் யார் போனாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெசிந்தா அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பனியன், நெஞ்சில் அமெரிக்கக் கால்பந்து அணியின் சின்னம். அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். போகிற ஆளா அவர்? போன வாரம் அர்ஜென்டினா ரசிகனான என் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "அர்ஜென்டினாவுக்கு வயசாயிருச்சு சேது, பென்ஷனுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்று வம்பிழுத்துவிட்டுப் போனவர். தூக்கத்திலேயே போய்விட்டாராம். வந்த டீ ஆறிப் போனது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேவகோட்டைக் கத்தோலிக்கக் குடும்பம். நர்ஸாக அமெரிக்கா போனார், அங்கேயே குடியுரிமை வாங்கினார், ஓய்வு பெற்றதும் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தார். அம்மா போன பிறகும் திரும்பவில்லை. மானகிரியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதிலை இங்கே அச்சில் எழுத முடியாது.

உலகக் கோப்பை சமயம் ஒன்றில்தான் முதன்முதலாக என் கடைக்கு வந்தார். மானகிரி விலக்கில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நான் அடித்த பேனர்கள் நின்றுகொண்டிருந்த நேரம். "ஏப்பா, அதெல்லாம் அடிச்சது நீங்கதானா? அமெரிக்காவுக்கு ஒண்ணு அடிங்க" என்றார். அமெரிக்கக் கொடி போட்டுப் பேனர் கேட்டால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "விசா ஆபீஸ் வைக்கப் போறீகளாக்கா?" என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இன்றைக்கும் சுடுகிறது. "விசா எனக்கு எதுக்குப்பா? என் டீமுக்குக் கேக்குறேன்."

அந்த வருஷம் அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. அதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும். அவுக வந்திருந்தா ஊரே டிவியில பாத்துக்கிரும். வரலைங்கிறப்ப நான்தான சொல்லணும்?" என்றார். அவர் சொன்ன வாசகத்தையே அடித்துக் கொடுத்தேன்: 'இந்தத் தடவை வரல. அடுத்த தடவை வருவோம்.' விளையாடவே வராத ஒரு அணிக்கு உலகத்தில் வேறெங்கும் பேனர் நின்றிருக்காது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அதன் கீழேயே நின்று அவர்களுக்குக் கையாட்டினார்.

என் கடைக்குப் பின்னால் உள்ள இடத்தில்தான் நாங்கள் ஆட்டம் பார்ப்போம். பழைய ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டுக் கட்டினால் பின்பக்க வெள்ளைதான் திரை. அங்கே அக்கா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் நாளே பிரேசில் ரசிகர் கண்ணப்பன் கேட்டுவிட்டார். உலகமெல்லாம் குண்டு போடுகிற நாட்டுக்குப் போய்க் கைதட்டலாமா என்று. அக்கா குரலை உயர்த்தவில்லை. "அந்த அரசாங்கத்துக்கு நான் எப்பய்யா கைதட்டுனேன்? வரியும் கட்டிட்டு, வாய் வலிக்க வைஞ்சும் இருக்கேன். நான் கைதட்டுறது பதினோரு பிள்ளைகளுக்கு. ஆமா, நீங்க பிரேசிலு பிரேசிலுன்னு குதிக்கிறீகளே, அங்க ஒங்களுக்கு ரேஷன் கார்டு இருக்கா? எனக்கு எங்க ஊரு பாஸ்போர்ட் இருக்கு." அந்தக் கூட்டத்தில் சொந்த நாட்டுக்குக் கத்திய ஒரே ஆள் அவர். இரவல் நாட்டுக்காரர்களான நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்!

கண்ணப்பனும் விடுகிற ஆளில்லை. "ஒரு கோப்பை வாங்கியிருக்காகளாக்கா ஒங்க ஆளுக?" என்று மடக்கினார். "எங்க பொண்ணுக வாங்குனதெல்லாம் என்ன, ஈயச் சொம்பா?" என்றார் அக்கா. மறுவருஷம் பெண்கள் உலகக் கோப்பை வந்தபோது அதற்கும் ஒரு பேனர் அடிக்கச் சொன்னார். பொம்பளை ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று எங்கள் ஆண்கள் பாதிப் பேர் வரவில்லை. போங்கள் என்று விட்டுவிட்டு அக்கா தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டு வந்தார். என் மனைவி அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறுதி ஆட்டத்தில், "அடிடீ, அடிடீ, யாரைடி பாத்துக்கிட்டு நிக்கிற!" என்று அவள் போட்ட சத்தத்தில் நானே மிரண்டுபோனேன். அமெரிக்கா ஜெயித்தது. அக்கா எழுந்து நின்று, "கோப்பை இல்லைன்னு சொன்ன மகராசன் எங்குட்டுப் போனாரு?" என்று கேட்டார். கண்ணப்பன் அன்றைக்கு வந்திருக்கவே இல்லை.

எங்கள் கூட்டத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒரு அணி தோற்று வெளியேறினால், மறுநாள் காலையில் அதன் பேனரை அந்த ரசிகரே தன் கையால் இறக்க வேண்டும். இறக்கியதை எதிர்க்கட்சிக்காரரின் மாட்டுக் கொட்டகைக்குக் கூரைமறைப்பாகக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் கண்ணப்பன் வீட்டு மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள் தெரியுமா? அடுத்த உலகக் கோப்பைக்கு, அக்கா பேனரில் சொன்னபடியே, அமெரிக்கா வந்தது. மானகிரியில் அக்கா புதுப் பேனர் ஏற்றினார். அணி நாக் அவுட்டில் தோற்றது. மறுநாள் காலை நாங்கள் கும்பலாக மானகிரிக்குப் போனோம். கண்ணப்பன் ஏணியே கொண்டுவந்திருந்தார். அக்கா பனியனைப் போட்டுக்கொண்டு பேனருக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எறக்குங்கக்கா, சட்டம்னா சட்டந்தான்."

"எறக்குறதுக்கா ஏத்துனேன்?" என்றார்.

"டீம் தோத்துருச்சேக்கா!"

"டீம் தோத்துச்சு. நான் எங்க தோத்தேன்? ஜெயிச்சாத்தான் கொடி புடிப்பேங்கிறவன் கட்சிக்காரன்யா, ரசிகன் இல்லை. ஏணிய அங்குட்டுக் கொண்டு போங்க."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நான் செல்போனில் படம் எடுத்தேன். பேனர் இறங்கவில்லை. மழையில் வெளுத்து, காற்றில் கிழிந்து, தானாக விழுகிறவரை நின்றது. அந்தக் கோப்பை கடைசியில் எங்கள் அர்ஜென்டினாவுக்குத்தான் வந்தது. அஞ்சலியாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

ஏன் அந்த அணி மேல் அவருக்கு அவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு மட்டும் வம்பு பேசாமல் பதில் சொன்னார். அந்த நாட்டில் கால்பந்து பார்க்கிறவர்களை மற்றவர்கள் கேலி செய்வார்களாம். ஆஸ்பத்திரி ஓய்வறையில் சேனலை மாற்றச் சொல்லி அவர் கெஞ்ச வேண்டியிருந்ததாம். மைதானத்துக்குப் போனால் எதிரணிக்கு வந்த கூட்டம்தான் அதிகமாக இருக்குமாம். "சொந்த ஊரு மைதானத்துலயே நாங்கதான்ப்பா விருந்தாளி." பிறகு சொன்னார்: "பாஸ்போர்ட் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. பாக்குறவுக எல்லாம் நீ எந்த ஊருன்னுதான் கேப்பாக. ஒருநா மைதானத்துல எங்க டீம் கோல் போட்டுச்சு. பக்கத்துல இருந்தவ, ஆருன்னே தெரியாது, என்னைய அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டா. எந்த ஊருன்னு கேக்கலை. அன்னைக்கு நான் இந்தப் பனியனத்தான் போட்டிருந்தேன்." அவருடைய அமெரிக்கா அந்தப் பனியன்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் புரிந்துகொண்டதாகச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். படம் வந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய அண்ணன் அருளானந்து போன் செய்தார். தேவகோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனுஷர். "சேது, வேற நல்ல படம் அகப்படலை. அந்தப் பனியன மட்டும் எடுத்துட்டுப் பட்டுச்சேலையா மாத்திருங்க. ஒங்ககிட்டதான் எல்லாம் இருக்குமே" என்றார். இருக்கிறதுதான். தலையில்லாத பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் என் கம்ப்யூட்டர் நிறையக் கிடக்கின்றன. ஆயுசுக்கும் கோட்டையே தொடாதவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறேன். காதில் தோடுகூட இல்லாமல் போனவர்களுக்கு அட்டிகை பூட்டியிருக்கிறேன். குடும்பம் ஆசைப்படும், நான் செய்வேன், அதில் தப்பொன்றும் இல்லை. அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து அக்காவின் கழுத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கழுத்து சரியாகப் பொருந்தியது. ஆனால் அது ஜெசிந்தா அக்கா இல்லை. யாரோ வீட்டு அம்மா ஒருவர் அக்காவின் சிரிப்பைத் திருடி வைத்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மானகிரிக்குப் போனேன்.

பந்தலில் அருளானந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அக்கா பட்டுச்சேலையில் படுத்திருந்தார். அது அவர்கள் வீட்டு உரிமை. பேனரைப் பற்றி மட்டும் பேசினேன்.

"அண்ணே, பனியன் அப்படியே இருக்கட்டும்ணே. அக்கா அதத்தான் ஆசையாப் போடுவாக."

"ஃபாதர் வருவாக, சொந்தபந்தம் வரும். சாவு வீட்டு வாசல்ல பொம்பளை பனியனோட நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அந்த நாலு பேரு சொன்னதுக்கு அக்கா என்னைக்குண்ணே பயந்தாக?"

அவர் முகம் கடுத்துவிட்டது. "செத்தது எந் தங்கச்சி. நீங்க பேனர் அடிக்கிறவரு. அத மட்டும் பாருங்க."

"அந்தச் சேலை பேனர வேற கடையில அடிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாவு வீட்டில் முறைத்துக்கொண்டு வந்தவன் என்று என்னைப் பற்றிப் பேசினார்களாம். பேசட்டும்.

அவர் வேறு கடையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் துக்கம் இல்லையா என்ன? நானும் அடித்தேன். மதியத்துக்குள் மானகிரியில் இரண்டு பேனர் நின்றன. வீட்டு வாசலில் பட்டுச்சேலையில் ஒரு ஜெசிந்தா. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பனியனில் ஒரு ஜெசிந்தா. குன்றக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, ரெண்டு சாவா?" என்று கேட்டார். "ஒண்ணுதான்த்தா. இதுதான் ஆளு" என்று என் பேனரைக் காட்டினேன். சாயங்காலம் பெட்டியைத் தூக்கியபோது கல்லறைத் தோட்டத்துக்குப் போக அந்த வழியை விட்டால் வேறு வழியில்லை. என் பேனருக்குப் பக்கத்தில் ஊர்வலம் வந்ததும் கண்ணப்பன், பிரேசில் கண்ணப்பன், கைதட்ட ஆரம்பித்தார். என் மனைவியும் அந்தத் தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாவு ஊர்வலத்தில் கைதட்டுவதா என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. நான் அழுதுகொண்டேதான் தட்டினேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அருளானந்து கடைக்கு வந்தார்.

"வீட்டுப் பேனர எறக்கியாச்சு. ஒங்க பேனரு நிக்கிதே?"

"எறக்குறதுக்கா ஏத்துனேன்?" என்றேன். யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்.

"அந்தப் படம் எப்ப எடுத்தது?"

"அக்கா டீமு தோத்த மறுநாள்ணே."

"தோத்ததுக்கா இப்படிச் சிரிச்சா?" என்று கேட்டார். "எங்க வீட்டுல அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லப்பா." எழுந்து போய்விட்டார். இறக்கு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

இந்த உலகக் கோப்பை அக்காவின் அந்த நாட்டிலேயே நடக்கப்போகிறது. "டிக்கெட் எடுக்கலையாக்கா? போய்ப் பாத்துட்டு வாரது?" என்று நான்தான் அவரிடம் கேட்டேன். "இப்ப அங்க கத்துறதுக்கு ஆளு இருக்குப்பா. இங்குட்டு ஆரு இருக்கா?" என்றார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். நண்பர்களே, பேனர் இறங்காது. மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டு யாரும் ஏணியோடு வர வேண்டாம். அவருடைய நாற்காலி திரைக்கு முன்னால் அவர் போடுகிற இடத்திலேயே இருக்கும். அமெரிக்கா ஆடுகிற நாளெல்லாம் அதில் இந்த அர்ஜென்டினாக்காரன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவான். இரண்டு அணியும் மோதிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கண்ணப்பன் கேட்கிறார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அக்காவோடு சண்டை போடுவேன். மற்ற நாளெல்லாம், இங்குட்டு நான் இருக்கேன்க்கா.