அந்தப் பக்கம் தண்ணி குளிர்

வில்லரே என்கிற பிரெஞ்சு பேசும் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்வீட்டுக்கு அந்தப் பெண் குடிவந்த கிழமையே இவர் சொல்லிவிட்டார்: "இஞ்சேரும், அவவோட கதை வைச்சுக்கொள்ளாதையும்." இவர் என்றால் என் கணவர். ஏன் என்று கேட்டேன்.

"நாங்கள் கதைக்கேக்க தலையாட்டுறா."

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் இராணுவம் சுற்றிவளைத்தால் ஆண்களை வரிசையாக நடத்திக் கொண்டுபோவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடின ஒருவன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆளை ஏற்றிவிடுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பேர். ஒருநாள் அந்தச் சாக்கு இவரைப் பார்த்தும் ஆடியது. உள்ளே இருந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. உயிரோடு திரும்பி வந்தவர், அதன் பிறகு யாராவது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போது எங்கள் அகதி வழக்கும் முடியவில்லை. ஒருமுறை மறுத்துவிட்டார்கள். திரும்ப மனுப்போட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். இந்தமுறையும் இல்லை என்றால் பிள்ளையோடு விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வாயில் இருந்து ஒரு சொல் பிசகிப் போய் எங்கேயாவது பதிந்துவிட்டால் போதும், வழக்குத் தோற்றுவிடும் என்று இவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மேல்வீட்டுப் பெண்ணுக்கு எங்கள் முகம், எங்கள் நிறம், மூக்குத்திகூட உண்டு. தமிழ் மட்டும் இல்லை. அதுவே இவருக்குப் பெரிய சந்தேகம். "தமிழ் முகத்தை வைச்சுக்கொண்டு தமிழ் தெரியாதாம். உதை ஆர் நம்புவினம்?"

கோவிலில் பழக்கமான மன்னார்க்காரி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அக்கா," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்டாலும் பேயும் கறுப்பாத்தானே இருக்கும்," என்றாள்.

ஒரு சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குப் போனால், அந்தப் பெண் குந்தியிருந்து ஓடுகிற மெஷினுக்கு முன்னால் ஒரு ரெக்கோடரை நீட்டிக்கொண்டிருந்தா. மெஷினையே பதிகிற ஆள் மனிசரை விடுமா?

என்னுடைய பிரெஞ்சு, கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிள்ளையை விட்டு எடுக்கிற அளவுதான். அவவின் தமிழ் அப்பா, சோறு, வா என்ற அளவு. மிச்சத்துக்கு ஆங்கிலம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "கடல்," என்றா.

தென்னாபிரிக்காவில் டர்பனில் பிறந்தவவாம். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் வழி. அவ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அங்கே கடற்கரையைக்கூடப் பிரித்து வைத்திருந்தார்களாம். நல்ல மணல் வெள்ளைக்காரருக்கு. மற்றவர்களுக்குத் தள்ளி ஒரு துண்டு. நடுவில் ஒரு அறிவிப்புப் பலகை. பலகையைத் தாண்டி ஓடப் பார்த்தால் தகப்பன் கையைப் பிடித்து இழுத்து, "அந்தப் பக்கம் தண்ணி குளிர்," என்பாராம். சட்டம் என்று சொல்லவில்லை. குளிர் என்று சொன்னார். பிள்ளை அதைக் கனகாலம் நம்பியிருந்தது. அதைத்தான் கையால் கீறி, அசைகிற சின்னப் படமாக எடுத்துக்கொண்டிருந்தா. அலைச் சத்தத்துக்கு மெஷின். தகப்பனின் அந்த ஒரு வசனத்துக்கு ஒரு தமிழ்க் குரல் வேண்டும். இவர் படியில் நின்று எங்கள் மகளைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறா. அந்தக் குரல்தான் வேண்டுமாம்.

வீட்டில் வந்து சொன்னேன். இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அகதி விசாரணையிலயும் கடற்கரையைத்தான் கேட்டவங்கள். உங்கட கரையை ஆமி எப்ப மறிச்சவன், நீ எங்க நிண்டனி எண்டு. இப்ப இவவும் கடற்கரையோட வாறா. விளக்கைப் பிடிச்சுக்கொண்டு கிணத்துக்க விழச் சொல்லுறீரோ?"

நான் திரும்பிப் போய் அவவுக்குத் தலையாட்டியின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தலையாட்டினா. பிறகு திடுக்கிட்டு, தலை ஆடாமல் நாடியைக் கையால் பிடித்துக்கொண்டா.

அடுத்த ஞாயிறு கதவு தட்டுப்பட்டது. இவர் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்தார். அவ ஒரு தாளை நீட்டினா. பலகை, மணல், கால்சட்டையை மடித்துவிட்ட ஒரு தகப்பன், ஒரு சிறுமி. பலகையடியில் ஒரு பொலிஸ்காரன். தொப்பி இருந்தது, முகம் இல்லை.

"ஏன் முகம் கீறேல்ல எண்டு கேளும்."

கேட்டேன். "நான் பார்க்கவில்லை. அப்பா குனிந்தால் நானும் குனிவேன்," என்றா.

இவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சங்கிலி விழுந்தது.

உடனே நம்பிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். நிபந்தனை போட்டார்: பேர் போடக்கூடாது. எங்கள் குசினியில்தான் பதியவேண்டும். அந்த ஒரு வசனத்துக்கு மேல் ஒரு எழுத்தும் கிடையாது. பதிந்ததைப் போட்டுக் காட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் அவ தலையை அசைக்காமல் "ஓகே" என்றா. பாவம், கழுத்து நொந்திருக்கும்.

முதலில் இவர் நீதவானுக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து சொன்னார். பிள்ளைக்குச் சொல்வதுபோல வேண்டுமாம். இவர் மகளைக் கூப்பிட்டார். கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவள், என்ன என்பதைப் பிரெஞ்சில் "குவா?" என்று சினந்துகொண்டு வந்தாள். இவர் குனிந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் தண்ணி குளிர், பிள்ளை."

"எந்தத் தண்ணி?" என்றாள் மகள். படத்தில் அவ அதையும் விட்டுவைத்திருந்தா.

சின்ன மண்டபத்தில் படம் போட்டபோது இவர் கதவோரக் கதிரையில், சுவருக்கு முதுகு காட்டி இருந்தார். திரையில் தோய்க்கிற மெஷின் அலையடித்தது. அதற்கு மேலே இவருடைய குரல். நான் இவரைப் பார்த்தேன். இவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரு பெரியவர் எழும்பி, தகப்பனின் குரல் யாருடையது, அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். இவருடைய கை என் மணிக்கட்டை இறுக்கியது. முன்னால் ஒலிவாங்கியோடு நின்றவவின் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து, எங்களைக் கடந்து, அப்படியே போனது. தலை அசையவில்லை. "அது ஒரு தகப்பன்," என்று மட்டும் சொன்னா.

மெட்ரோவில் இருந்து இறங்குகிற நேரம் இவர், "ஆள் பரவாயில்லை," என்றார்.

படியேறும்போது நின்றார். "எண்டாலும், முதல்ல பதிஞ்சு சரிவராமல் போனதை அழிச்சவவோ எண்டு நாளைக்கு ஒருக்காக் கேளும்."