கெட்டிமேளத்துக்கு ஒரு மூலை

என் தங்கை செல்வியின் கல்யாணத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். நான் இல்லை. வெளிநாட்டு வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்தின் பதினோராவது மாடியில் நானும், என்னோடு தங்கியிருக்கும், இந்த நாட்டிலேயே பிறந்த கிள்ளான்காரன் தினேஷும் இருந்தோம்.

இங்கே பக்கத்து வீட்டுக் கல்யாணம்கூட, லிஃப்டில் பட்டுப்புடவைகளைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தெரியவருகிறது. நம் ஊரில் மேளம் வீடு தேடி வந்து சொல்லிவிடும். தாலி ஏறும் நேரத்தில் அந்த மேளத்தையாவது பக்கத்தில் நின்று கேட்பதுபோல் கேட்டுவிட ஆசைப்பட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடியோ அழைப்புக்காகக் கைப்பேசியைத் தினேஷின் ஸ்பீக்கர்களோடு இணைத்து, தவிலின் கனத்த அடிச்சத்தத்துக்கென்றே சப்வூஃபர் பெட்டி ஒன்றும் வாங்கினோம். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், வயர் உள்ள எதுவும் எனக்குத் தெரியும் என்று ஊரில் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். பெட்டியை மூலையில் வைத்து, குமிழை முழுக்கத் திருகி, ஒரு தவில் பதிவைப் போட்டேன்.

"டேய் மச்சான், மேளம் அங்க அடிக்குது, இடி இங்க விழுதுடா," என்றான் தினேஷ்.

"கல்யாணம்னா அப்படித்தான் இருக்கணும்."

"சப்வூஃபர் இருக்குறதே தெரியக் கூடாது லா. தெரிஞ்சா நீ தோத்துட்ட."

பெட்டியைத் தூக்கி, நாங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வைத்தான். அதே பதிவை மறுபடி ஓடவிட்டான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் சுவரோரமாகத் தவழ்ந்தோம். எங்கே அடிச்சத்தம் வீங்காமலும் வற்றாமலும் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடமாம். திறந்திருந்த கதவு வழியே எதிர்வீட்டுச் சீன ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"சாரி அபா?" என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"சத்தம், ஆன்டி," என்று தினேஷும் மலாயில் சொன்னான்.

அவர் உள்ளே போய், டார்ச்சோடு திரும்பி வந்து, சோபாவுக்கு அடியில் வெளிச்சம் அடித்துக் காட்டினார்.

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டியின் பின்னாலிருந்த சிறு சுவிட்சைத் தள்ளியதும், பெட்டியும் ஸ்பீக்கர்களும் ஒன்றின் சத்தத்தை ஒன்று விழுங்குவதை நிறுத்தின. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஒரு கட்டத்தில் பெட்டியே காணாமற்போனது. ஜன்னல் திரையருகே யாரோ தவிலோடு நிற்பதுபோலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் முகம்கூடத் தெரிந்துவிடும். அவருக்குப் பின்னால் மோனோரயில் கனவில் போவதுபோல் போனது.

மறுநாள், நம் ஊர் அதிகாலை முகூர்த்த நேரத்தில் இங்கே பளிச்சென்ற வெயில். சித்தப்பா மகன் கைப்பேசியோடு அப்பாவை ஒட்டி நின்றான். யாரோ கை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார்கள். தவில்காரரின் கைகள் பறந்தன. சத்தம் வரவில்லை. பேச்சுக்கென்று செய்யப்பட்ட அழைப்புச் செயலி, மேளத்தை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டது. வேண்டாத சொல் எதுவும் காதில் விழாதிருக்கத்தானே கெட்டிமேளம்? அது விலகிய இடத்தில் அப்பாவின் குரல் மட்டும், மூச்சோடு, எங்கள் ஜன்னலருகே வந்து நின்றது.

"தம்பி இல்லாம முடிச்சுட்டோமே."

பிறகு அழுதார். அங்கே மேளச் சத்தத்தில் மண்டபத்தில் ஒருவரும் திரும்பவில்லை. சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டிய தினேஷ், குறைக்காமல் நின்றான்.

சற்றுப் பொறுத்து அப்பாவே கைப்பேசியை வாங்கினார். "மேளம் நல்லா கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுப்பா."

சாயங்காலம் கல்யாண வீடியோ வந்தது. போட்டுப் பார்த்தோம். மேளம் கூடத்தை நிறைத்தது. பெட்டி இருப்பதே தெரியவில்லை. செல்வி தலைகுனிந்திருக்க, அப்பாவின் உதடுகள் அசைகின்றன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கல்யாணம். எனக்கு, காலையில் கேட்ட அப்பாவின் குரல். இரண்டையும் ஒன்றாகக் கேட்க எந்தக் குமிழும் இல்லை.

சப்வூஃபர், வயர் எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது ரிங்கிட். பாதியைத் தினேஷ் கொடுத்தான்.