மீசையைப் பணயம் வைத்து வளர்த்த செடி

எழுபதுகளின் நடுவில், இலங்கையே பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் கியூவில் நின்ற காலத்தில், பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே சொத்து என் மீசைதான். ஆள் ஒல்லி. தூரத்தில் வந்தால் முதலில் மீசை வரும், கொஞ்சம் பொறுத்து நான் வருவேன் என்று நோர்வூட் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அந்த மீசையை ஒரு பூச்செடிக்காகப் பணயம் வைத்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அப்போது என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அட்டன் சந்தையில் ஒருவன் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய வேர்க்கன்றுகளை விற்றுக்கொண்டிருந்தான். "வெள்ளைச் செவ்வந்தி அய்யா, ஒவ்வொரு பூவும் சாசர் அகலம்" என்றான். அவன் கண் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் வாங்கினேன். சந்தேகப்படுவதில் நான் கெட்டிக்காரன், சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் மக்கு.

நான் வேலை பார்த்தது இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில். அங்கே ஓரமாகக் கிடந்த ஒரு பெயின்ட் வாளியைக் கேட்டு வாங்கி, அடியில் ஆணியால் துளை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் சரிக்குச் சரி கலந்து கன்றை நட்டேன். எங்கள் வீடு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், கடைசிக் காம்பிரா. இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் கம்பி வேலி. அந்த வேலியை ஒட்டி, காலை வெயில் படுகிற மாதிரி வாளியை வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், மலையில் கொழுந்தெடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வருகிற பாதை.

முதலில் வந்து பார்த்தவர் பக்கத்துக் காம்பிராக் கங்காணி. கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்க்கிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கு அவர் போட்டுக்கொண்டு வரும் கறுப்புக் கோட்டு தோட்டம் முழுக்கப் பிரசித்தம். குனிந்தார். ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். கசக்கி மோந்தார்.

"தம்பி, இதை எங்கே புடிச்சீங்க?"

"சந்தையிலங்க. வெள்ளைச் செவ்வந்தி."

"இதுவா? இது மாசிப்பத்திரி. நம்ம தண்ணிப் பீலிக்கரையிலே காடா மண்டிக் கெடக்கே, அதே சாமான். அடியிலே நரைச்சிருக்கு பாருங்க. வாடையும் அதேதான். ஒங்களுக்கு எவனோ நல்லா சாத்திட்டான்."

உண்மையைச் சொல்வதானால் இரண்டுக்கும் இலை ஒரே சாயல்தான். இரண்டுமே விளிம்பு கிழிந்த இலை, இரண்டிலுமே மருந்து வாடை. செவ்வந்தி இலை கொஞ்சம் தடிப்பு, அடிப்பக்கம் அவ்வளவு வெளுப்பில்லை. ஆனால் இளங்கன்றில் அதைப் பிரித்துச் சொல்ல எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் பேசினால் பந்தயத்தில்தான் போய் முடியும்.

"தைப்பொங்கலுக்குள்ளே இதிலே செவ்வந்தி பூக்கலைன்னா என் மீசையை எடுத்துடுறேன், கங்காணி."

"பூத்துட்டா என் கோட்டைக் கழட்டி ஒங்க தோள்லே போடுறேன்."

லயமே சாட்சி.

செடி நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நாளில் நுனிகள் காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் தளதளவென்று இருக்கும் தளிர், வேலை முடிந்து வந்து பார்த்தால் மொட்டையாக நிற்கும். நுனி போனால் மொட்டு ஏது? மொட்டு இல்லாவிட்டால் பொங்கலன்று என் கதி?

முதல் சந்தேகம் நத்தை மேல். வாளியைச் சுற்றி அடுப்புச் சாம்பலை வளையமாகப் போட்டேன். சாம்பல் அப்படியே இருந்தது, தளிர் போயிருந்தது. அடுத்தது ஆடு. எங்கள் லயத்து ஆடு வந்திருந்தால் தளிரோடு நிறுத்தியிருக்காது, வாளியின் கைப்பிடியையும் மென்றிருக்கும். அப்புறம் ஒருநாள் பாதையில் வாடிக் கிடந்த நுனி ஒன்றைப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தால் சுத்தமாகக் கிள்ளியிருந்தது. இரண்டு இலை, நடுவில் ஒரு குருத்து.

இது மனுஷ விரல்! கங்காணி!

அதன் பிறகு அவர் என்ன செய்தாலும் எனக்குக் குற்றமாகவே பட்டது. சாயந்திரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செடியைச் சுற்றி வருவார். கையை ஏன் பின்னால் கட்டுகிறார்? கோட்டுப் பைக்குள் எதையோ போடுகிற மாதிரி இருந்தது. பொடிமட்டையாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அது தளிர். ஒருநாள் ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன்.

"கங்காணி, கோட்டு மேல ஒங்களுக்கு ரொம்பப் பிரியமோ?"

"மீசை மேல ஒங்களுக்கு இல்லையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வாளியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தேன். அடுப்புப் புகையிலும் இருட்டிலும் செடி வெளுத்து நெடுநெடுவென்று சாய்ந்தது. வெளியே வைத்தால் திருடு போகிறது, உள்ளே வைத்தால் செத்துப் போகிறது. மறுபடி வேலியோரமே வைத்தேன்.

அப்போதுதான் இன்னொரு சந்தேகம் தலைதூக்கியது. என் மனைவிக்கு அந்த மீசையைக் கண்டால் ஆகாது. "சாப்பிட்டு எழுந்தா பாதிச் சோறு அதிலேதான் நிக்குது" என்பாள். பந்தயத்தில் தோற்றால் லாபம் யாருக்கு? கங்காணிக்குக் கோட்டு மிஞ்சும். இவளுக்கு மீசை தொலையும். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்திருந்தால்?

"நீதானே கிள்ளுறே?"

"முருகன் மேல சத்தியமா நான் தொடலீங்க. மலையிலே கிள்ளுற கிள்ளு பத்தலைன்னா ஒங்க செடியைக் கிள்ளுறேன்?"

சத்தியம் பண்ணும்போது அவள் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் வயிற்றுவலி என்று இஸ்டோரில் சொல்லிவிட்டு, சாயந்திரத்துக்கு முன்னால் வீடு வந்து, இஸ்தோப்பில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வயிற்றுவலிக்காரன் செய்கிற வேலைதான். சாக்குக்குள் எனக்கு முன்பே ஒரு கரப்பான் குடியிருந்தது. மீசைக்கு மீசை சரி என்று பொறுத்துக்கொண்டேன்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். என் மனைவியும் இன்னும் நாலைந்து பேரும் வெறுங்கூடையைக் கையில் பிடித்தபடி வேலியோரம் நின்றார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான்.

"அக்கா, அண்ணே இன்னமும் அந்தச் செடியையே சுத்திச் சுத்தி வர்றாராமே?"

"அதை ஏண்டி கேக்குறே. பொண்டாட்டியைக் கூட இப்படிக் காவல் காத்ததில்லே அந்த மனுஷன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தியின் கை வேலிக்கு மேலாக வந்தது. அவள் செடியைப் பார்க்கவேயில்லை. கண்ணெல்லாம் என் மனைவியின் வாயில். விரல் மட்டும் தானாகப் போய்த் தளிரைத் தேடி, டக்கென்று கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்தது. முதுகில் கூடை இருந்தால் சரியாக அதற்குள் விழுந்திருக்கும். கூடை கையில் இருந்ததால் பாதையில் விழுந்தது. அடுத்தவள் ஒன்று. அப்புறம் இன்னொருத்தி. வாய் என்னை வறுத்துக்கொண்டிருந்தது, விரல்கள் என் செடியில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தன.

கங்காணியும் அந்த வழியாக வந்தார். பாதையில் கிடந்த நுனியைப் பார்த்தார். யார், எந்தச் செடி என்றெல்லாம் யோசிக்கவில்லை. "யாரும்மா இது, முத்தலாக் கிள்ளிப் போட்டிருக்கிறது?" என்று வாய்ப்பழக்கத்தில் அதட்டிவிட்டு நடந்தார்.

இரண்டு இலையும் ஒரு குருத்தும் நாள் முழுக்க மலைமலையாக என் மூக்குக்குக் கீழேதான் கொட்டப்படுகிறது. அதைக் கிள்ளுகிற விரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை என்றால், நான் அங்கே என்னத்தை வாட்டினேனோ!

கடைசியாக என் மனைவியின் கை போனது. நான் சாக்கோடு எழுந்தேன். பெண்கள் அலறினார்கள்.

"புடிச்சுட்டேன்!"

"எதைப் புடிச்சீங்க?" என்றாள் அவள்.

"கையைப் பாரு!"

பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் தளிர். அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கே தெரியாத மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்களும் அவரவர் விரலைப் பார்த்தார்கள். நுனியெல்லாம் பச்சைக் கறை, அதில் மருந்து வாடை.

"ஆத்தாடி, நாங்களா?" என்றாள் ஒருத்தி. "கை தானாப் போகுதுண்ணே. சும்மா நிக்கச் சொன்னா அது நிக்க மாட்டேங்குது."

விரலோடு சண்டை போட முடியாது. கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கிளைகளை விறகோடு கொண்டுவந்து, இலையும் குருத்துமாக வேலியில் கட்டிவைத்தேன். பேச நிற்கிறவர்கள் அதைக் கிள்ளட்டும். திட்டம் பலித்தது. அவர்கள் பேசி முடித்துப் போனால் கிளை மொட்டையாக நிற்கும், செவ்வந்தி தப்பிக்கும். இதற்கு மேல் எவளும் தொடவில்லை என்று நம்பினேன். நம்பினேன் என்றுதான் சொல்ல முடியும், நான் பகலெல்லாம் இஸ்டோரில்.

கிள்ளக் கிள்ளக் கிளைத்து, செடி இப்போது வாளி தெரியாத புதராகியிருந்தது. மார்கழிக் கடைசியில் எல்லா நுனியிலும் மொட்டு. பொங்கலன்று காலையில் கங்காணி கோட்டோடு வந்தார். லயத்தார் கூடினார்கள். மொட்டுகள் பச்சைப் பட்டாணி மாதிரி இறுக்கமாக இருந்தன.

"மொட்டை வெச்சு என்ன தம்பி சொல்ல முடியும்? மாசிப்பத்திரியும் மொட்டு விடும். பூ எங்கே?"

நியாயம்தான். முற்றத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். என் மனைவி கண்ணாடியைப் பிடித்தாள். சாதாரணமாக அவள் பிடித்தால் கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும், "சீக்கிரம், எனக்கு வேலை கெடக்கு" என்பாள். அன்றைக்கு அவள் கை ஆடவேயில்லை. சவர்க்கார நுரையைக்கூட அவளே கலக்கிக் கொண்டுவந்திருந்தாள், வெந்நீரில்.

பொங்கல் கழிந்து சில நாளில் செடி பூத்தது. வெள்ளைதான், செவ்வந்திதான். சாசர் அகலமெல்லாம் இல்லை, ஒரு பொத்தானைவிடச் சற்றுப் பெரிசு. ஆனால் புதர் முழுக்க வெள்ளை. பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பூவைப் பார்த்துவிட்டு என் மேலுதட்டைப் பார்த்தார்கள். கங்காணி ஒன்றைப் பறித்துக் கோட்டுப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டு, "எனக்கு ஒரு கன்னு பிரிச்சுக் குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். தோற்றவனுக்கு மறுக்க வாய் ஏது.

அன்று சாயந்திரம் என் மனைவி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் என் செவ்வந்தி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மத்தவங்க தெரியாமக் கிள்ளினாங்க, சரி. நீ?"

"நானும்தாங்க."

"நான் கிளை கட்டிவச்ச பெறகுமா? கிள்ளக் கிள்ளப் பூ பிந்துமே."

ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

"அவ்வளவு சந்தேகமா இருந்தா, அடுத்த வருஷமும் மீசையை வெச்சுப் பந்தயம் கட்டிப் பாருங்களேன், தெரிஞ்சுடும்" என்றாள்.

அடுத்த வருஷமும் செடி வளர்த்தேன். மீசை வளர்க்கவில்லை.